வெள்ளிக்கிழமைச் சினைப் பொரியல்

கத்திக்கொண்டு வருகிற நோயாளியைக் கண்டு பூரணி ஒருநாளும் பயந்ததில்லை. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, நாக்கு இருக்கிறது, நர்சுமாரைத் திட்டவும் தெம்பு இருக்கிறது. அவன் கொஞ்சம் பொறுக்கலாம். நாலு பேர் தூக்கிவர, நடுவில் வாய் திறக்காமல் முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறானே ஒருவன், அவனுக்குத்தான் விழுந்தடித்து ஓட வேண்டும். அவசரப் பிரிவில் நர்ஸாய்ப் பாதி வயதைக் கழித்தவளின் தீர்ப்பு இது. இதை மறுத்துப் பேச அங்கே டொக்டர்மாருக்கும் துணிச்சல் இல்லை.

அவளுடைய இரண்டாவது தீர்ப்பு இன்னும் கடுமையானது. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒளிக்கிறவர்களை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு "வயித்துக்குள்ள என்னவோ செய்யுது" என்பான் ஒருவன். பாம்பு கடித்து அரை நாள் பரிசாரி வீட்டில் கிடந்துவிட்டு, பச்சிலை மணக்க மணக்க "இப்பதான் கடிச்சது" என்று சத்தியம் செய்வான் இன்னொருவன். பூரணி இடுப்பில் கையை வைப்பாள். "உயிர் போற இடத்தில என்ன வெக்கம்? என்னட்டை ஒளிச்சு ஆருக்கு நட்டம்? வாயைத் திறந்து உண்மையைச் சொல்லும்!" அவள் போடுகிற சத்தத்தில், வெளியே வாங்கில் இருக்கிறவர்கள் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். புதிதாக வந்த நர்ஸ் சனூஸாவுக்கு முதல்நாளே அவள் படிப்பித்ததும் இதைத்தான். நோய் கொல்வதைவிட ஒளிப்புக் கொல்வதுதான் கூட என்று.

அந்த ஆஸ்பத்திரி கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருந்தது. வானம் வெளித்திருந்தால் யன்னலால் பார்க்க அக்கரையில் துறைமுகத்துக் கப்பல்கள் தெரியும். அந்தக் கரையில்தான் பெரியாஸ்பத்திரி, தீவிர சிகிச்சைக் கட்டில், மூச்சு விடுகிற மெஷின் எல்லாம். பார்த்தால் கைக்கெட்டுகிற தூரம்தான். ஆனால் அம்புலன்ஸ் என்ன கடலிலா ஓடும்? குடாவைச் சுற்றிப் பாலம் பாலமாய்க் கடந்து போக வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. பூரணி வெள்ளியில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடமாட்டாள். கட்டைபறிச்சானில் அவள் வீட்டுக் குசினியில் வியாழன் இரவே மீன் சட்டி கழுவிக் கவிழ்த்தாகிவிடும். புருஷன் குலசிங்கமும் மகள் நிரோஜினியும் முகத்தை நீட்டிக்கொண்டு பருப்பும் கீரையும் தின்பார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவர்களுக்குக்கூட இது தெரியும். "வாயைக் கட்ட ஏலாதவை மற்றவைக்குப் புத்தி சொல்லக்கூடாது பிள்ளை" என்று சனூஸாவிடம் பெருமையடித்துக்கொண்டது போன வெள்ளிதான்.

காலைத் தேத்தண்ணி நேரம் அற்றென்டன் அபூதாஹிர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். ஆளைச் சொல்ல வேண்டும். ட்ரொலி தள்ளுவது அவர் வேலை, ஆளைச் சிரிக்க வைப்பது அவர் தொழில். ஊசிக்கு அழுகிற பிள்ளை, பிரசவத்துக்கு வந்த பெண், வாய்வுப் பிடிப்பை மாரடைப்பு என்று நம்பி வந்த முதலாளி, ஒருவரையும் விடமாட்டார். பெட்டிக்குள் மீன் சினைப் பொரியல். மிளகும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, ஓரம் முறுகப் பொரித்திருந்தது.

"தங்கச்சி, மூக்கைப் பொத்திக்கொள்ளுங்க," என்றார் அபூதாஹிர். "இண்டைக்கு உங்களுக்கு வாசமும் ஹறாம்."

"நீங்கள் தின்னுங்கோ நானா. எனக்கு ஆசையில்லை," என்றாள் பூரணி. பச்சைப் பொய். விடிய ஒரு பிள்ளை வலிப்போடு வந்ததில் அவளுடைய காலைச் சாப்பாடு தவறிப்போயிருந்தது. குடல் குடலைத் தின்றது.

அபூதாஹிர் றொட்டியில் பாதியைத் தின்பதற்குள் ஒருவரை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்தபடியே வைத்துவிட்டு ஓடினார். சனூஸா அந்தப் பக்கம் மருந்து கட்டிக்கொண்டிருந்தாள். பூரணி வாசலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். ஐயோ, என்ன ருசி! முதல் துண்டோடு விரதம் போய்விட்டது, போனது போனதுதானே என்று இரண்டாவதையும் எடுத்தாள். பிறகு கள்ளப் பூனை மாதிரி வாயைத் துடைத்து, சோப் போட்டுக் கையைக் கழுவி, அதற்கு மேல் ஸ்பிரிட்டும் தேய்த்துக்கொண்டாள். அபூதாஹிர் திரும்பி வந்தார். ஒன்றையும் கவனிக்கவில்லை. மிச்சத்தை வழித்துத் தின்றுவிட்டு ஜும்ஆவுக்குப் புறப்பட்டார்.

வெள்ளி மத்தியானம் ஆஸ்பத்திரி அமைதியாகிவிடும். ஆண்களில் பாதிப்பேர் பள்ளிக்குப் போய்விடுவார்கள், அவசரப் பிரிவில் ஒன்றிரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். பாங்கு சொல்லிக் கொஞ்சத்துக்குள்ளேயே முச்சக்கரவண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர் கைத்தாங்கலாக அபூதாஹிரை இறக்கினார்கள். தொப்பி சரிந்திருந்தது, சட்டை முன்பக்கம் தெப்பமாய் நனைந்திருந்தது.

"என்ன நானா, என்ன செய்யுது?"

"வாய் விறைக்கிது தங்கச்சி." சொல் குழறிக்கொண்டு வந்தது. "தொழுகைக்கு வுழு எடுக்கக்குள்ள வாய் கொப்பளிச்சன். தண்ணி வாயில நிக்கிதில்ல, தாடியால ஓடுது. தண்ணி பட்டதே தெரியல்ல. இப்ப கால் ரெண்டும் என்ட கால் மாதிரி இல்ல."

டியூட்டியில் நின்றதால் பள்ளிக்குப் போகாத டொக்டர் றுவைஸ் வந்தார். வயதில் இளையவர், ஆனால் அலட்டாத, நிதானமான ஆள். பூரணிக்குப் பிடித்த டொக்டர். கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், காலைத் தட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தளர்ந்திருந்தது. பாரிசவாதம் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும். அவர் முகம் மாறியது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க நானா?"

"சினை... லைலா பொரிச்சுத் தந்தா. கரைவலை இழுத்த இடத்தில, கழிவோட கழிவாக் கிடந்திச்சி. பெரிய சினை. வீசிட்டுப் போயிரிக்கானுகள். காகம் கூடத் தொடல்ல. எனக்கெண்டு வச்சிரிக்கி எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"அந்தக் கழிவுக்குள்ள பேத்தை கிடந்ததா?"

பேத்தை என்றால், தொட்டதும் பந்து மாதிரி ஊதிக்கொள்கிற மீன். வலையில் பட்டால் கரையிலேயே வீசிவிடுவார்கள். அதன் ஈரலும் சினையும் நஞ்சு என்று கடற்கரையில் விளையாடுகிற பொடியளுக்கும் தெரியும். அபூதாஹிருக்குத் தெரியாதா? முழு மீனாய்க் கண்டிருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். மிதிபட்டு வயிறு கிழிந்து, தோல் வேறு குடல் வேறாய்க் கிடக்கிற இடத்தில் எந்தச் சினை எந்த மீனுடையது என்று யார் கண்டது? சினையைக் கண்டால் விட்டுவிட்டு வருகிற மனம் அந்தக் கரையில் ஒருவருக்கும் இல்லை.

"கிடந்திரிக்கும்," என்றார் அபூதாஹிர். அவர் கண்ணில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

றுவைஸ் பூரணியையும் சனூஸாவையும் தள்ளிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார். "இதுக்கு மாற்று மருந்து இல்ல. வாயில தொடங்கும், கை கால் போகும், கடைசியா மூச்செடுக்கிற தசையும் நிக்கும். ஆனா நினைவு தப்பாது. ஆளுக்கு எல்லாம் கேக்கும், அசைய மட்டும் ஏலாது. ஒரு நாள், ரெண்டு நாளைக்கு நாங்க மூச்சுக் குடுத்தா நஞ்சு தன்பாட்டில இறங்கிடும், ஆள் தப்பிடும். விட்டா இல்ல. அவ்வளவுதான்."

 பூரணியின் நாக்கு தானாகவே போய் உதட்டைத் தொட்டுப் பார்த்தது. உதடு உதடாகத்தான் இருந்தது. இருந்ததா? இன்னொருதரம் தொட்டுப் பார்த்தாள்.

றுவைஸ் அபூதாஹிரின் மனைவி லைலாவுக்குப் போன் அடித்தார். பிள்ளைகள் தின்னவில்லை, லைலாவும் தின்னவில்லை. இருந்த சினை முழுவதையும் அவருக்கே கட்டிக் கொடுத்திருந்தாள். போனை வைத்துவிட்டு டொக்டர் திரும்பினார்.

"இங்க வேற ஆரும் சாப்பிட்டதா?"

"நான் டியூட்டிக்கு வரக்குள்ளேயே சாப்பிட்டுட்டு வந்தன் டொக்டர்," என்றாள் சனூஸா. "பூரணி மிஸ்ஸுக்கு இண்டைக்கு வெள்ளி. மச்சம் தொடமாட்டா."

ட்ரொலியில் கிடந்த அபூதாஹிரும் ஓம் என்பதுபோல் தலையை அசைத்தார். டொக்டர் அதோடு விட்டுவிட்டார்.

ஒரே ஒரு சொல். "நானும் திண்டனான்." எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கேட்டு வாங்கிய சொல் அது! இப்போது தன் வாயில் வரவில்லை. கள்ளனைத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? போன வெள்ளி பெருமை பேசிய அதே பிள்ளைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஊசியைப் போட்டுவிட்டுச் சொல்லலாம், ஒட்சிசனை மாட்டிவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அதற்குள் அபூதாஹிரின் நெஞ்சு ஏறுவது குறைந்தது. றுவைஸ் தொண்டைக்குள் குழாயை இறக்கினார். குழாயின் முனையில் அம்பு பையை மாட்டினார்கள். அது கையால் அமத்தி மூச்சு ஊட்டுகிற றப்பர் பை. பூரணி அமத்தினாள். நெஞ்சு ஏறி இறங்கியது. கையை எடுத்தாள். நெஞ்சு அசையவே இல்லை.

இனி அந்த மனிதனுடைய மூச்சு அவள் கைக்குள்ளேதான்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் மோதுப்பட்ட இரண்டு பொடியளை இரத்தமும் கையுமாய்க் கொண்டுவந்து இறக்கினார்கள். றுவைஸ் ஒருதரம் அவர்களைப் பார்த்தார், ஒருதரம் பூரணியைப் பார்த்தார்.

"நான் இங்கேயிருந்து அசைய ஏலாது. சனூஸா எனக்கு வேணும். மிஸ், நீங்கதான் நானாவோட போகணும். பெரியாஸ்பத்திரிக்குச் சொல்லிட்டன், மெஷின் ரெடியா வச்சிருக்காங்க. போய்ச் சேருமட்டும் கையை நிப்பாட்டாதீங்க."

இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால் இவளையும் ஒரு கட்டிலில் கிடத்துவார்கள். பிறகு அபூதாஹிரோடு போவது யார்? இது நல்ல நியாயம்தான். ஆனால் முதலில் வந்தது வெட்கம்; நியாயம் பிந்தி வந்து வெட்கத்துக்குச் சட்டை மாட்டிவிட்டது. இரண்டே இரண்டு துண்டு, ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொண்டு அவள் அம்புலன்ஸில் ஏறினாள்.

கதவைச் சாத்தப் போகிற நேரம் லைலா ஓடிவந்தாள். ஒரு காலில்தான் செருப்பு. குசினியில் நின்ற கோலத்திலேயே வந்திருந்தாள். முந்தானையில் மஞ்சள் கறை. புருஷனைப் பார்த்தாள். பாதி திறந்த கண், அசையாத முகம், வாயில் குழாய்.

"மௌத்தாப் போயிட்டாரா மிஸ்? யா அல்லாஹ், என்ட கையால பொரிச்சுக் குடுத்தேனே! நானே கொண்டுபோட்டேனே!"

"சத்தம் போடாதேங்கோ லைலா. அவர் சாகேல்லை. நீங்கள் சொல்லுறதெல்லாம் அவருக்குக் கேக்குது. ஏறுங்கோ, ஏறி அவற்ற காலடியில இருங்கோ."

சாரதி முனீப் சைரனைப் போட்டுக்கொண்டு விரட்டினான். பூரணி அமத்தினாள், விட்டாள், அமத்தினாள், விட்டாள். கஜுமரக் காணிகள், இராணுவக் காவலரண், உப்பங்கழி, பாலம். அடுத்த பாலம். யன்னலால் கடல் வந்து வந்து போனது. அக்கரைத் துறைமுகம் கிட்ட வராமல் ஒரே இடத்திலேயே நின்றது. லைலா புருஷனின் பாதத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓதினாள்.

முதல் பாலம் தாண்டியபோது பூரணியின் மேலுதட்டில் எறும்பு ஊர்ந்தது. கை இரண்டும் பையில் இருந்ததால் தோளால் வாயைத் துடைத்தாள். எறும்பு போகவில்லை.

பயப்படாதே, என்று தனக்கே சொன்னாள். பயந்தவர்களுக்கு இப்படி வரும். மூச்சை அள்ளி அள்ளி எடுத்தால் உதடு விறைக்கும், விரல் விறைக்கும். புருஷனோடு சண்டை பிடித்துவிட்டு விரல் மடங்க வருகிற பெண்களை அவள் எத்தனை தரம் அதட்டியிருக்கிறாள். "ஒண்டுமில்லை, ஆறுதலா மூச்சு விடும், எல்லாம் போகும்." ஆறுதலாக மூச்சு விட்டாள். போகவில்லை. நாக்கின் நுனிக்கு வந்தது. பயமா, நஞ்சா? இரண்டும் ஒரே கதவால்தான் வரும் போலிருக்கிறதே. பல்லால் உதட்டைக் கடித்தாள். வலித்தது, ஆனால் தன்னுடைய உதடு இல்லாதது மாதிரி எங்கேயோ தூரத்தில் வலித்தது.

 மகளின் முகம் வந்தது. காலையில் அந்தப் பிள்ளை தலையை வாரி இழுத்துவிடச் சொல்லிக் கேட்டது, பஸ் போய்விடும் என்று ஏசிவிட்டு வந்திருந்தாள். போன் சட்டைப் பையில்தான் கிடந்தது, எடுக்கக் கை இல்லை. இப்படியே வாய் போய், கை போய், தானும் இந்த மனிதனைப் போலக் கண்ணைத் திறந்தபடி கிடந்தால்? எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்ல முடியாமல்? "பூரணிக்கு என்ன நடந்தது? அவள் மச்சம் தொடமாட்டாளே" என்று ஊரே சத்தியம் பண்ணுமே, ஒரு டொக்டருக்கும் பேத்தை நினைவுக்கு வராதே!

கிண்ணியாப் பாலம் தெரிந்த இடத்தில் அவள் பிடி ஒருதரம் வழுக்கியது. பை கையிலிருந்து நழுவிக் குழாயோடு தொங்கியது. அதைப் பிடித்து அமத்துவதற்குள் அபூதாஹிரின் விரலில் மாட்டியிருந்த கருவி கீச்சிட்டது. பிடித்துக்கொண்டாள். கீச்சு நின்றது. ஆனால் இந்தமுறை வலது கையின் இரண்டு விரல்கள் பையில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் உயிர் பிறகு. இந்தக் கை நின்றால் முதலில் சாகப்போவது இவர். வாயை மூடிக்கொண்டு ஏறியதில் தன் உயிரோடு அவர் உயிரையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"லைலா."

லைலா ஓதிக்கொண்டேயிருந்தாள்.

"லைலா! ஓதுறதை நிப்பாட்டிப்போட்டு இஞ்சாலை வாங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அந்தச் சினையில நானும் திண்டனான்."

லைலாவுக்கு விளங்கவில்லை. "நீங்க... வெள்ளிக்கிழமை..."

"ஓம், வெள்ளிக்கிழமைதான். நானா எழும்பிப் போன நேரம் களவா எடுத்துத் திண்டனான். ரெண்டு துண்டு. இப்ப எனக்கும் வாய் விறைக்குது, கை விடப்போகுது. நான் விழுந்தால் இவருக்கு மூச்சுக் குடுக்க ஆளில்லை. கையைத் தாங்கோ."

லைலாவின் முகம் வெளுத்துப் போனது. ஒரு கணம் அவள் பின்னாலே சாய்ந்தாள். இரண்டு பேரையும் தானே கொன்றுவிட்டேன் என்று அவள் கண் சொன்னது. கத்தப் போகிறாள் என்று பூரணி நினைத்தாள்.

"எனக்கு ஏலாது மிஸ். எனக்குத் தெரியாது. நான் என்னத்தையும் பிழையாச் செஞ்சு..."

"ஏலும். மாப் பிசையிற கைதானே. இதில பிடியுங்கோ, இந்தக் கையால சுத்திப் பிடியுங்கோ. இறுக்காதேங்கோ, நெஞ்சு ஏறுறது தெரிஞ்சாக் காணும். இப்ப விடுங்கோ. பார்த்தீங்களா, ஏறுது."

லைலா அமத்தினாள். அமத்தினாள், அமத்தினாள், அமத்தினாள். பயத்தில் கை பறந்தது.

"கெதியாச் செய்யாதேங்கோ! ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு எண்ணி..."

லைலா எண்ணினாள். மூன்றுக்குப் பிறகு ஐந்து வந்தது, பிறகு எண்ணிக்கையே போய்விட்டது. அழுகை வந்தது. பூரணி ஒருகணம் யோசித்தாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற முஸ்லிம் கிழவிகள் கட்டிலில் கிடந்தபடி விரல் மடக்கி ஓதுவது அவளுக்குப் பழகின சத்தம். வலி உச்சத்தில் பேர் மறப்பார்கள், பிள்ளையை மறப்பார்கள், அதை மறக்கமாட்டார்கள்.

"எண்ண வேண்டாம். தஸ்பீஹ் ஓதுவீங்கள்தானே? ஆறுதலா மூண்டுதரம் சுப்ஹானல்லாஹ் சொல்லுங்கோ, நாலாந்தரம் அமத்துங்கோ. பிறகும் மூண்டுதரம். என்னைப் பார்க்க வேண்டாம். அவற்ற நெஞ்சை மட்டும் பாருங்கோ."

"சுப்ஹானல்லாஹ்," என்றாள் லைலா.  "சுப்ஹானல்லாஹ். சுப்ஹானல்லாஹ்." அமத்தினாள். அபூதாஹிரின் நெஞ்சு ஏறியது, அளவாக ஏறி அளவாக இறங்கியது.

பூரணி பக்கத்துப் பலகையில் சரிந்து, குழாய் நழுவாமல் இடது கையால் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் இன்னும் உணர்வு இருந்தது. சீனன்குடா வந்தது. வாய்க்குள் ஊறிய எச்சிலை விழுங்கப் பார்த்தாள், பாதி உள்ளே போனது, பாதி கடைவாயால் வழிந்தது. பயத்தில் அழ வேண்டும் போலிருந்தது, அழுதும்விட்டாள். லைலா திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னபடி நெஞ்சை மட்டும் பார்த்தாள். வளைவில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தபோதும், முன்னால் போன லொறிக்குப் பின்னால் முனீப் பிரேக் அடித்தபோதும் அவள் தஸ்பீஹ் அறவில்லை.

பெரியாஸ்பத்திரி வாசலில் வெள்ளைச் சட்டைகள் ஓடிவந்தன. ஒரு டொக்டர் பையை லைலாவின் கையிலிருந்து வாங்கினார். "ஆர் இவ்வளவு நேரமும் அமத்தினது?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. ட்ரொலி உருண்டது.

"டொக்டர்!" பூரணி அம்புலன்ஸ் படியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். நாக்கு தடித்திருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. "நானும்... திண்டனான். பேத்தைச் சினை. காலையில. ரெண்டு துண்டு. ஒளிச்சுப்போட்டு வந்தனான்."

அவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் கால் மடங்கியது.

அவளையும் கிடத்தினார்கள். விரலில் கருவி மாட்டினார்கள், தலைமாட்டில் ஒரு அம்பு பையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது எதற்கு என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. டொக்டர் தன் விரலைக் கொடுத்து இறுக்கச் சொன்னார், தண்ணீர் விழுங்கச் சொன்னார். "பயமும் இருக்கு, நஞ்சும் இருக்கு," என்றார். "உங்களுக்குப் போனது கொஞ்சம். ஆனா அது மூச்செடுக்கிற தசைக்கு இறங்குதா இல்லையா எண்டு இண்டைக்கு ராவைக்குத்தான் தெரியும். மூச்சு முட்டினா உடனே சொல்லுங்கோ." சொல்ல வாய் இருந்தால்தானே, என்று பூரணி நினைத்தாள். குலசிங்கத்துக்கு அறிவித்தாகிவிட்டது, அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபூதாஹிர் மெஷினோடு கிடந்தார். மெஷின் தள்ள, நெஞ்சு ஏறியது.

பொழுது சாய லைலா வந்தாள். ஒற்றைச் செருப்பையும் எங்கேயோ விட்டிருந்தாள். யாரோ கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. கட்டிலடியில் நின்று பூரணியைப் பார்த்தாள்.

"அவருக்கு இதயம் நல்லா அடிக்கிதாம் மிஸ். தாங்குவாராம். நாளைக்கு நாளையண்டைக்கு நஞ்சு இறங்கிடுமாம்."

பூரணி தலையை அசைத்தாள். வாழ்நாளில் ஒரு நோயாளிக்கு முன்னாலும் சொல்லாத சொல் அவள் வாயில் வந்தது. குழறிக்கொண்டுதான் வந்தது. "எனக்குப் பயமாக் கிடக்கு லைலா. கண்ணை மூடப் பயமாக் கிடக்கு. நித்திரையில மூச்சு நிண்டால், ஆருக்கும் தெரியாமலே..."

லைலா கோப்பையைக் கீழே வைத்தாள். கதிரையைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டாள். அந்த அம்பு பையை எடுத்துத் தன் மடியில் வைத்து, காலையில் சினை பொரித்த இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். 

"நீங்க கண்ணை மூடுங்க மிஸ்," என்றாள். "நான் உங்கட நெஞ்சைத்தான் பாத்துக்கிட்டு இரிக்கன். நிண்டா நான் அமத்துவன்."

பூரணி கண்ணை மூடினாள். பக்கத்தில் லைலா மெதுவாக ஓதத் தொடங்கினாள்.